எட்டுப் படியும் ஆறு படியும்

எங்கள் வீட்டு மாடிப்படியில் பதினான்கு படிகள். கீழிருந்து எட்டு நேராக ஏறும். அங்கே ஒரு திருப்பம், ஒரு ஆள் நின்று திரும்பும் அளவுக்கு. அதற்குப் பிறகு ஆறு. ஆறு முடிகிற இடத்துக்கு நேர் எதிரே அம்மாவின் அறைக் கதவு. பிறந்ததிலிருந்து இந்தப் படிகளில் ஏறி இறங்குகிறேன், ஆனால் இந்த வருடம்தான் முதன்முறையாக எண்ணினேன். சரியாக எண்ணினேனா என்று சந்தேகம் வந்து மறுநாளும் எண்ணினேன். பதினான்குதான்.

அம்மா மாடியில் இருக்கிறாள், அப்பா கீழே இருக்கிறார். இப்படிச் சொன்னால் கேட்பவர்கள் முதலில் சண்டை என்று நினைக்கிறார்கள். சண்டை ஒன்றும் இல்லை. அம்மாவின் முதுகெலும்பு உள்ளுக்குள்ளேயே நொறுங்கிக்கொண்டு வருகிறது. ஒன்றரை வருடமாகப் படுக்கையில்தான், காலையில் ஒரு நர்ஸ் வந்து பார்த்துவிட்டுப் போவார். அப்பாவுக்குப் போன வருடக் கடைசியில் பக்கவாதம் வந்து இடது கால் இழுத்துக்கொண்டது. இதயமும் பலவீனம் என்றார்கள். வீட்டுக்கு ஒரே குளியலறை, அது கீழே. அதனால் சமையலறையை ஒட்டி, பெட்டிகள் போட்டு வைத்திருந்த அறையைக் காலி செய்து அப்பாவின் கட்டிலை அங்கே போட்டேன்.

அம்மாவைக் கீழே கொண்டுவந்தால் என்ன என்று எல்லோரும் கேட்கிறார்கள். நானும் கேட்டுக்கொண்டு நாடா எடுத்து அளந்தேன். அம்மாவின் இரும்புக் கட்டில் கீழறைக்குள் நுழையும். நுழைந்தபின் கதவு மூடாது, அப்பா நிற்கக்கூட இடமிருக்காது. முன்னறையை ஜெராக்ஸ் கடைக்கு விட்டிருக்கிறோம். அந்த வாடகைதான் அம்மாவின் மருந்து. இதெல்லாம் போக, அம்மாவைத் தூக்கிப் படியில் இறக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்டபோது, "ஆஸ்பத்திரிக்குன்னா மட்டும்" என்று முடித்துவிட்டார்.

அப்பாவைப் பற்றியும் அவர் ஒன்று சொன்னார். படி ஏறுவது இந்த இதயத்துக்கு ஆகாது. மனைவியைப் பார்க்க நாளுக்கு ஒரு தடவை, அதுவும் கொஞ்ச நாளைக்கு. அதற்குள் படியில் ஏறும் நாற்காலி ஏதாவது ஏற்பாடு செய்யுங்கள். முடியாவிட்டால் ஏறுவதை நிறுத்த வேண்டியதுதான்.

எனக்கு லாண்டரியில் வேலை. வந்த துணிகளுக்கு எண் கட்டுவது, போகிற துணிகளின் எண்ணைச் சரிபார்ப்பது. காலை ஆறு முதல் இரண்டு வரை. மாலை ஆறரைக்கு வாரம் இரண்டு நாள் எழுத்து வகுப்புக்குப் போகிறேன். இடையில் நான்கு மணிக்கு அப்பாவை மாடிக்கு ஏற்றுவேன். அவர் முன்னால், நான் ஒரு படி பின்னால். ஐந்தரைக்கு இறக்குவேன்.

நாற்காலிக்கு அளவெடுக்க வந்தவர் நடுவயதுக்காரர். முழங்காலில் தோல் பட்டை கட்டியிருந்தார். ஒவ்வொரு படியிலும் மண்டியிட்டு அளந்து குறித்துக்கொண்டே போனவர், திருப்பம் வந்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"இங்கதாம்மா வில்லங்கம்."

"என்ன வில்லங்கம்?"

"படி நேரா போச்சுன்னா தண்டவாளம் ரெடியா இருக்கும். வெட்டி மாட்டிட்டுப் போயிட்டே இருப்போம். வளைஞ்சா, இந்தப் படிக்குன்னே தனியா செய்யணும்."

"பழசு கிடைக்காதா? யாராவது கழட்டிக் குடுத்தது?"

"நேர் தண்டவாளம் பழசு கிடைக்கும். வளைஞ்சது கிடைச்சும் புண்ணியம் இல்ல. அது பல் செட்டு மாதிரி. அடுத்தவன் வாய்க்குச் சேராது."

"மேல ஒண்ணு, கீழ ஒண்ணுன்னு ரெண்டு நேர் தண்டவாளம் போட்டா?"

"திருப்பத்துல இறங்கி அடுத்த நாற்காலிக்கு மாற இடம் வேணுமேம்மா. இங்க ஒண்ணு நிறுத்தத்தான் இடம் இருக்கு."

கீழே நாற்காலியில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அப்பா குரல் கொடுத்தார். "அப்ப நான் போனப்புறம் அதை என்ன பண்றது?"

"பழைய இரும்பு விலைக்குத்தான் போகும் சார்."

"எது, நானா, வண்டியா?"

அளவெடுப்பவர் சிரித்துவிட்டு, சிரித்தது தப்போ என்று என்னைப் பார்த்தார். மாடியிலிருந்து அம்மாவின் சிரிப்பும் கேட்டது.

விலையை இரண்டு விதமாகவும் எழுதித் தரச் சொன்னேன். நேராக இருந்தால் என் ஐந்து மாதச் சம்பளம். வளைவோடு என்றால் பதினான்கு மாதச் சம்பளம், படிக்கு ஒரு மாதம். அந்த ஒரு திருப்பத்தின் விலை ஒன்பது மாதம். வேறு ஊரில் இருக்கும் அண்ணனுக்குத் தொலைபேசியில் சொன்னபோது, "யானை விலையா இருக்கே" என்றான். அவனுக்கும் வீட்டுக் கடன், இரண்டு குழந்தைகள். என் சம்பளக் கணக்கில் இரண்டு மாதம் அளவுக்கு அவன் தருவதாகச் சொன்னான். அம்மாவின் வைத்தியத்துக்குப் பிறகு வீட்டில் சேமிப்பு என்று சொல்லும்படி எதுவுமில்லை. மீதிக்கு ஒரே வழி, நடமாட முடியாதவர்களின் வீட்டை மாற்றியமைக்க நகராட்சி தரும் உதவித்தொகை. அது கிடைத்தால் பெரும் பகுதி வந்துவிடும். கிடைக்காவிட்டால் அப்பா மாடி ஏற முடியாது. நடுவில் வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

விண்ணப்பம் பதினொரு பக்கம். ஏழாம் பக்கத்தில், விண்ணப்பதாரர் படி ஏறுவதைப் பதினான்கு நாள் குறித்துத் தரவேண்டும் என்றிருந்தது. கிளம்பிய நேரம், வந்த நேரம், எத்தனை இடத்தில் நின்றார். இந்த மாதிரி வேலை எனக்குப் பிடிக்கும். தனியாக ஒரு நோட்டு வாங்கிக் கோடு போட்டேன். "பாத்ததை எழுது, நினைச்சதை எழுதாதே" என்பது வகுப்பில் எங்களுக்குச் சொல்லியிருந்த விதி. இந்த நோட்டுக்கு அது நன்றாகவே பொருந்தும் என்று நினைத்தேன்.

முதல் நாள்: கிளம்பியது நான்கு மணி. வந்தது நான்கு மணி ஒன்பது நிமிடம் இருபது விநாடி. ஐந்து இடத்தில் நின்றார்.

அப்பாவின் கால் கடைசிப் படியில் பட்டதும் கைக்கடிகாரத்தை நிறுத்துவேன். அவர் அம்மாவின் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் திருப்பாமலே, போய் டீ போடு என்று கையால் காட்டுவார். நான் இறங்கிப் போய், சமையலறை வேலையையும் முடித்துக்கொண்டு அரை மணி கழித்துத்தான் டீயோடு திரும்புவேன். எந்த இடத்தில் நிறுத்தினேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். அப்போது அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் அப்பா நோட்டைக் கேட்டார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். முப்பத்துநான்கு வருடம் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவர் அவர். தாமதமாக வந்த வண்டியின் எண்ணைச் சிவப்பு மையால் எழுதுவது அவர் வேலை. ஓட்டுநர்கள் அவரை 'செவப்புப் பேனா' என்றுதான் சொல்வார்களாம்.

"பதினாலு படிக்கு ஒன்பது நிமிஷம் இருபது செகண்டா?"

"ஆமாப்பா."

"இது லேட்டுல வரும்."

"லேட்டா வந்தாத்தாம்பா நமக்கு நல்லது. கஷ்டம்னு அவங்களுக்குத் தெரியணும்."

"லேட்டா வந்தா காசு குடுக்கற ஆபீசை நான் கேள்விப்பட்டதே இல்லியே குட்டி."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நோட்டைத் திருப்பித் தரும்போது அட்டையை ஒருமுறை துடைத்துத் தந்தார்.

ஐந்தாம் நாள் எட்டு நிமிடம். ஏழாம் நாள் ஏழே கால். பத்தாம் நாள் ஆறு நிமிடம் ஐந்து விநாடி, இரண்டே இடத்தில் நின்றார். கடிகாரத்தில் கோளாறு என்று நினைத்துக் கைபேசியில் நேரம் பார்க்க ஆரம்பித்தேன். அதுவும் அதையேதான் காட்டியது. உடம்பு தேறிவருகிறதோ என்று சந்தோஷப்பட்டேன். அப்படிச் சந்தோஷப்பட்டேன் என்பதையும் மறைக்காமல் எழுதவேண்டும்.

பதினோராம் நாள் வேலையிலிருந்து வந்தபோது ஜெராக்ஸ்காரர் என்னை நிறுத்தினார்.

"உங்க வீட்ல காலைல என்ன கல்லு ஒடைக்கிறாங்களா?"

"ஏன்?"

"பத்து மணிக்கு நர்ஸம்மா போனதும் ஆரம்பிக்குது. டொக்கு டொக்குன்னு மேல போகுது, கீழ வருது. மேலேர்ந்து உங்கம்மா குரல் வேற. 'அஞ்சு நாப்பது! ஆறு பத்து!'ன்னு ஏலம் விடறாப்பல."

நேராக மாடிக்குப் போனேன். அம்மாவின் கட்டிலுக்கு எதிரே சுவரில் பெரிய கடிகாரம் இருக்கிறது. அதைப் பார்த்தபடி, நான் கேட்பதற்கு முன்பே அவளாகச் சொன்னாள்.

"நான்தான் நேரம் சொல்றேன். அவர் சொல்லச் சொன்னார்."

"ஒரு நாளைக்கு ஒரு தடவைதான்னு டாக்டர் சொன்னாரா இல்லியா?"

"அவர் சாயங்காலத்துக்குச் சொன்னார். காலையில வர்றதப் பத்தி ஒண்ணும் சொல்லலியே."

"அம்மா!"

அவள் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள். பிறகு, "வேலை பாத்த காலத்துல அவர் டிப்போவே கதின்னு கிடந்தார். ஒரு நாளைக்கு ரெண்டு தடவை என்னப் பாக்க வந்ததே இல்ல குட்டி. எனக்குப் பேராசை. விட மனசு வரல" என்றாள்.

அப்பாவிடம் கோபமாகத்தான் பேச ஆரம்பித்தேன். "இப்படி வேகமா ஏறிக் காட்டினா நாற்காலிக்குப் பணம் தரமாட்டாங்கப்பா. நான் முதல் நாள் கணக்கையே எல்லா நாளுக்கும் போட்டுடட்டுமா?"

"மாத்தி எழுதப் போறியா?"

"உங்களுக்காகத்தான்."

"கண்டக்டருங்க கால்ல விழாத குறையா கெஞ்சியிருக்காங்க. ரெண்டு நிமிஷம் முன்னாடி போடுங்க, புள்ளகுட்டிக்காரன்னு. ஒரு வண்டிக்கும் நான் மாத்திப் போட்டதில்ல. என் வண்டிக்கே மாத்திப் போடறதா?"

காலையில் ஏறவேண்டாம் என்றும் சொன்னேன், ஆனால் நான் லாண்டரியில் இருக்கும் நேரம் அது, அவர் கேட்கவில்லை. அன்று தனித்தாளில் எல்லா நாளுக்கும் ஒன்பது நிமிடம் என்று எழுதிப் பார்த்தேன். பென்சிலால்தான். பிறகு கிழித்துவிட்டு, பதினான்கு நாளும் முடிந்ததும் நோட்டில் இருந்ததை அப்படியே படிவத்தில் பதிந்து கொடுத்தேன். அதை நேர்மை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். பயமாகவும் இருந்திருக்கலாம். எனக்கு இன்னும் தெளிவாகவில்லை.

நகராட்சியிலிருந்து ஒரு அதிகாரி அம்மாள் நேரில் பார்க்க வந்தார். அப்பா சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில், டிப்போவில் ஓய்வுபெற்றபோது தந்த கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு தயாராக நின்றார். மெதுவாக ஏறுங்கள் என்று காலையிலிருந்து மூன்று தடவை சொல்லியிருந்தேன். நாலாவது தடவை சொல்லப் போனபோது, "சரி சரி, மேலிடத்து உத்தரவு வேற வந்தாச்சு, மெதுவாத்தான் ஏறணுமாம்" என்று மாடியைக் காட்டினார். அதிகாரி முன்னதாகவே மேலே போய், அம்மாவிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, கதவருகில் நின்று கீழே பார்த்தார்.

யாரோ ஒருவர் மேலே நின்று நேரம் பார்க்கிறார். அப்பாவால் மெதுவாக வர முடியவில்லை. அவர் வேண்டுமென்று வேகமாக ஏறியதாக எனக்குத் தோன்றவில்லை. கால் தானாகப் போனது. திருப்பத்தில் கூட நிற்கவில்லை. ஐந்து நிமிடம் இரண்டு விநாடி.

"நல்லா ஏறுறீங்களே சார்!" என்றார் அதிகாரி.

அப்பா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, சிரித்த முகமாக ஒரு சல்யூட் வைத்தார். அதிகாரி எழுதிக்கொண்டே இறங்கினார். அவரை வழியனுப்ப நானும் கூடவே இறங்கினேன்.

வாசலில் அவர் கேட்டார். "மாடியில இவருக்கு அவசியமான அறை எது?"

"அம்மா இருக்காங்க."

"புரியுதும்மா. ஆனா இதுல படுக்கையறை, குளியலறை, சமையலறைன்னு மூணுதான் இருக்கு. அவர் படுக்கை கீழ. மத்த ரெண்டும் கீழ."

"படுக்கையை இறக்கினது நான்தான். அவர் விழுந்துடக் கூடாதுன்னு."

அவர் பேனா படிவத்தின் மேலே சற்று நேரம் நின்றது. பிறகு மூடிவிட்டார். நல்ல மனுஷி என்றுதான் நினைக்கிறேன்.

பத்தொன்பது நாள் கழித்துக் கடிதம் வந்தது. தன் முன்னால் வைத்துத்தான் படிக்கவேண்டும் என்று அம்மா சொன்னதால் மாடியிலேயே பிரித்தேன். உதவித்தொகை இல்லை. காரணம் இரண்டு. ஒன்று, விண்ணப்பதாரர் துணையின்றிப் படி ஏறுகிறார், அவரது வேகம் நாளுக்கு நாள் கூடியிருக்கிறது. இரண்டு, மாடியில் அவருக்கு அவசியமான அறை எதுவும் இல்லை. முப்பது நாளுக்குள் மறுபரிசீலனை கோரலாம்.

"நான் சீக்கிரம் வந்து கெடுத்துட்டேன்" என்றார் அப்பா.

"நீங்க என்னிக்குங்க சீக்கிரம் வந்தீங்க? கல்யாணத்துக்கே முகூர்த்தம் தவறிடுமோன்னு எங்கப்பா வாசல்ல நின்னார்" என்றாள் அம்மா.

யாரும் சிரிக்கவில்லை. அந்த வாரம் அப்பாவைப் பரிசோதித்த மருத்துவர், இனி ஒரு படிகூட ஏறக்கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் நான்கு மணிக்கு அப்பா முதல் படியின் அருகே ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்தார். அங்கிருந்து மேலே பார்த்தால் திருப்பத்துச் சுவர் மட்டும்தான் தெரியும். "சாப்பிட்டியா?" என்று கத்தினார். அம்மாவால் கத்த முடியாது. அவள் என்ன சொன்னாள் என்பதை நான் நடுப்படியில் நின்று வாங்கி அவருக்குச் சொன்னேன். முன்னறையில் ஜெராக்ஸ் இயந்திரம் ஓடும்போது அதுவும் கேட்கவில்லை. நாற்பது வருடம் சேர்ந்திருந்தவர்கள் மூன்றாம் மனுஷி வழியாக என்னதான் பேசுவார்கள்? மருந்து சாப்பிட்டாச்சா, தூங்கினியா, இவ்வளவுதான். நான்காம் நாள் அப்பா, "சரி, ரெஸ்ட் எடுக்கச் சொல்லு" என்று கால் மணி நேரத்திலேயே எழுந்துவிட்டார்.

அன்று அம்மா என்னை அழைத்தாள். "அந்த நோட்டைக் கொண்டா."

நோட்டைத் தலையணையில் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன். அவள் கண் மட்டும் வரி வரியாக இறங்கியது.

"'வந்த நேரம்'னு போட்டிருக்கியே, அது எது?"

"கடைசிப் படியில கால் வச்ச நேரம்."

"அது படிக்கு வந்த நேரம். எங்கிட்ட வந்த நேரம் இல்ல."

எனக்குப் புரியவில்லை.

"நீ டீ போடப் போயிடுவே. போகச் சொல்லித்தான் கையைக் காட்டுவார். அப்புறம் செவுத்தப் பிடிச்சு இந்த நாற்காலிக்கு வருவார். உக்காந்ததும், 'இரு'ன்னு எனக்குக் கையைத் தூக்கிக் காட்டுவார். வாயால சொல்ல முடியாது. உதடெல்லாம் நீலமா இருக்கும். நான் கடிகாரத்தப் பாத்துக்கிட்டே இருப்பேன். எனக்கு வேற என்ன வேலை? முதல் வார்த்தை பேச, ஆரம்பத்துல ஆறு நிமிஷம். வேகமா ஏற ஆரம்பிச்சப்புறம் பன்னெண்டு, பதினஞ்சு, பதினெட்டு. அந்த அம்மா வந்து பாத்துட்டுப் போனாங்களே, அன்னிக்கு இருபத்தாறு."

"ஏம்மா அப்பவே சொல்லல?"

"சொன்னா காலையில வர்றத நிறுத்திடுவீங்க."

நான் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வரியும் நேராக, விநாடி பிசகாமல் இருந்தது. பார்த்ததைத்தான் எழுதியிருந்தேன். பார்ப்பதை எந்த இடத்தில் நிறுத்தினேன் என்பதுதான் தப்பு. டிப்போ வாசலில் பஸ் வந்து நின்றதும் நேரம் குறிப்பார்கள். அதிலிருந்து ஆட்கள் இறங்கினார்களா என்பது டைம் கீப்பரின் வேலை இல்லை. அப்பாவின் மகளாக நானும் அங்கேயே நிறுத்தியிருக்கிறேன்.

அம்மாவுக்குப் பதினான்கு நாளும் நினைவிருந்தது. தேதியாக அல்ல, போர்வை மாற்றிய நாள், ஊசி போட்ட நாள் என்று. நான் தேதியோடு பொருத்தி ஒரு புதுக் கட்டம் போட்டேன்: 'முதல் வார்த்தை பேசிய நேரம்.' கூட்டிப் பார்த்தேன். முதல் நாள் ஏறிய நேரமும் காத்திருந்த நேரமும் சேர்த்துப் பதினைந்து நிமிடம். அதிகாரி வந்த அன்று முப்பத்தொன்று. வேகமாக ஏற ஏற, அவர் அம்மாவிடம் வந்து சேர நேரம் கூடிக்கொண்டே போயிருந்தது.

மருத்துவரின் சீட்டோடு அதை மறுபரிசீலனைக்கு அனுப்பினேன். மாடியில் அவசியமான அறை எது என்ற கேள்விக்கு ஒன்றரைப் பக்கம் எழுதினேன். படித்துப் பார்த்தால் அழுவது மாதிரி இருந்தது. அடித்துவிட்டு, "மாடியில் அவருடைய மனைவி இருக்கிறார். அவரால் கீழே வர முடியாது" என்று மட்டும் எழுதினேன். அது போதுமா என்று தபால் பெட்டி வரை சந்தேகமாகவே இருந்தது.

ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. முதல் காரணத்தை விலக்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது காரணம் அப்படியேதான் இருந்தது, மனைவி அறை ஆகவில்லை. ஆனாலும் சிறப்புக் கவனத்தின்பேரில் குறைந்த வகைத் தொகை தரலாம் என்றிருந்தது. கணக்குப் பார்த்தேன். என் நான்கு மாதச் சம்பளம். அண்ணன் தருவதையும் சேர்த்தால் ஆறு. வேண்டியது பதினான்கு.

அன்று அண்ணனைத் தொலைபேசியில் அழைத்து, ஒலிபெருக்கியில் போட்டு, அம்மாவின் தலையணை அருகே வைத்தேன். அப்பா கீழே முக்காலியில் இருந்தார்.

"மீதி எட்டு மாசத்துக்கு லோன் போட்டுடலாமா?" என்றான் அண்ணன்.

படியில் நின்று அதை அப்பாவிடம் சொன்னேன். "வேணாம்" என்று கீழிருந்து வந்தது. "கழட்டினா இரும்பு விலைன்னு சொல்லிட்டாரே அவர். எனக்கப்புறம் நீங்க எட்டு வருஷம் கட்டுவீங்களா? விரலுக்குத் தக்க வீக்கம் போதும்."

அம்மாதான் கேட்டாள்.

"திருப்பம் வரைக்கும் எவ்வளவு ஆகும்?"

"என்னம்மா?"

"எட்டுப் படி நேராத்தானே போகுது? அதுக்கு வளைக்க வேணாமே. பழசு கூட கிடைக்கும்னாரே."

"திருப்பத்துல வந்து அப்பா என்ன பண்ணுவார்? மேல இன்னும் ஆறு படி இருக்கே."

"அந்த ஆறு படிக்கு நான் வர்றேன்."

"எப்படிம்மா?" என்றான் அண்ணன்.

"கட்டிலத் திருப்பிப் போடுங்க" என்றாள் அம்மா. "கண்ணு வரும்ல?"

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தான். அம்மாவின் கட்டில் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தது. ஒன்றரை வருடமாக வெளியுலகம் என்று அவளுக்கு இருந்தது அது மட்டும்தான். அதைக் கதவைப் பார்க்கத் திருப்பவேண்டும். அவளுக்கு வலிக்காமல் ஒரு சாண் ஒரு சாணாக நகர்த்த ஒரு மணி நேரம் ஆனது.

"ஜன்னல் போயிடுமேம்மா" என்றேன்.

"அங்க என்ன இருக்கு? எதிர்வீட்டுத் தண்ணித் தொட்டி. அதுலயும் காக்கா."

ஆனால் கட்டில் திரும்பும்போது அவள் முகம் கடைசிவரை ஜன்னல் பக்கமே இருந்தது. அதையும் பார்த்தேன், எழுதுகிறேன்.

கடிகாரத்தைக் கழற்றிக் கதவுக்கு மேலே மாட்டச் சொன்னாள்.

அதே அளவெடுத்தவர்தான் நாற்காலியைக் கொண்டுவந்தார். யாரோ உபயோகித்தது. வலது கைப்பிடியில் ஒரு இடம் மட்டும் தேய்ந்து பளபளத்தது. அந்த யாரோ என்ன ஆனார் என்று நான் கேட்கவில்லை. சுவரில் மின்சார இணைப்புக் கொடுத்து, எட்டுப் படிக்கும் தண்டவாளம் மாட்டி, திருப்பத்தில் நாற்காலி தானாக நிற்கும்படி செய்ய அரை நாள் ஆனது. போகும்போது அவர் மிச்சமிருந்த ஆறு படிகளை அண்ணாந்து பார்த்தார். கூலியில் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்.

நான்கு மணிக்கு அப்பா சவரம் செய்துகொண்டு, டிப்போ கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பட்டையைப் போட்டுவிட்டேன். பொத்தானை அவரே அழுத்தினார். நாற்காலி கொசு பாடுவது மாதிரி ஒரு சத்தத்தோடு கிளம்பியது. நான் பக்கத்திலேயே படி படியாக ஏறினேன். நாற்பத்தொரு விநாடி. திருப்பத்தில் நின்றதும் இருக்கையை மேல்படிகளை நோக்கித் திருப்பிவிட்டேன்.

ஆறு படிக்கு மேலே கதவு திறந்திருந்தது. கதவுக்கு அப்பால் கட்டில். அம்மா தலைசீவி, இரண்டு தலையணை வைத்து, நேராகக் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். டீ போடப் போகச் சொல்வாரோ என்று அப்பாவைப் பார்த்தேன். சொன்னாலும் நான் போவதாக இல்லை.

"என்னங்க" என்றாள் அம்மா.

அப்பா கையைத் தூக்கினார். 'இரு' என்று காட்டும் கை. அது பாதி உயரத்தில் நின்றது. மூச்சு சீராக இருந்தது. வாங்கவேண்டிய மூச்சு எதுவும் இல்லை. தன் கையைத் தானே ஒருமுறை பார்த்துவிட்டு மெல்ல இறக்கி, தேய்ந்திருந்த அந்த இடத்தில் வைத்துக்கொண்டார்.

"பழக்கம்" என்றார்.

அம்மா கதவுக்கு மேலே கடிகாரத்தைப் பார்த்தாள். அவள் குரல் சின்னதுதான். ஆனால் ஆறு படி இறங்கி வந்தது.

"நாலு மணி ஒரு நிமிஷம்" என்றாள். "வந்தாச்சுன்னு எழுதிக்கோ குட்டி."